யுரேனியக் கழிவை எங்கே வைப்பது?

சுரங்கம் என்றவுடன் மண்ணிலிருந்து எடுக்கப்படும் பொருளையே நாம் எண்ணுகிறோம். எடுத்தபின் எஞ்சுவது நம் நினைவுக்கு வருவதில்லை. யுரேனியச் சுரங்கத்திலோ எஞ்சுவதே பெரிது. தாதுவை நன்கு அரைத்து, பெரும்பாலும் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரிக்கின்றனர். மிஞ்சும் கழிவுச் சேற்றில் தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு தங்கிவிடுகிறது. யுரேனியம் சிதைவதால் உண்டாகும் தோரியம், ரேடியம் முதலியவை அச்சேற்றிலேயே நின்றுவிடுவதே இதற்குக் காரணம். ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் வாயுவைத் தொடர்ந்து சுவாசிப்போர்க்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே காற்று, வெள்ளம், நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் தீண்டாவண்ணம் இச்சேற்றைக் காத்தல் வேண்டும். அதற்குரிய வழிகளுள் மூன்றை இங்கு ஒப்பிடுவோம்.

முதலாவது, ஆலையின் அருகிலேயே அணை கட்டிச் சேற்றைத் தேக்கி, பின்னர் களிமண்ணாலும் கல்லாலும் மூடுவது. செலவு குறைவு, சேற்றை மீண்டும் கிளறவும் வேண்டியதில்லை. ஆயினும், மூடும் நாள் வரை அணை நிற்க வேண்டுமே! அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சர்ச் ராக் என்னுமிடத்தில், 1979 ஜூலை 16 அன்று அத்தகைய அணையொன்று உடைந்தது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சேறும் பெருமளவு அமில நீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. அவ்வாற்றை நம்பிக் கால்நடை வளர்த்த நவாஹோ மக்களே துன்புற்றனர்.

இரண்டாவது, கழிவைப் பாதுகாப்பான வேறிடத்திற்குப் பெயர்ப்பது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரருகே, கொலராடோ ஆற்றங்கரையிலேயே ஏறத்தாழ 16 மில்லியன் டன் கழிவு குவிந்து கிடந்தது. அதிலிருந்து அம்மோனியாவும் யுரேனியமும் நிலத்தடி நீர் வழியே ஆற்றில் கசிந்தன. இருந்த இடத்திலேயே மூடுவதா, பெயர்ப்பதா என்று அரசு ஆராய்ந்தது. மூடுவதே மலிவு. ஆனால் ஆறு காலப்போக்கில் தடம் மாறக்கூடியது, பெருவெள்ளமும் வரலாம். ஆதலால் 2005இல், சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே, தடித்த களிப்பாறை அமைந்த வறண்ட நிலத்திற்குப் பெயர்க்க முடிவு செய்தனர். 2009 முதல் இரயில்கள் கழிவைச் சுமக்கத் தொடங்கின. பெயர்ப்பதிலும் இடர் உண்டு: தோண்டுகையில் புழுதி எழும், தொழிலாளர் கதிரியக்கத்திற்கு ஆளாவர், பணி ஆண்டுக்கணக்கில் நீளும்.

மூன்றாவது, தாதுவை எடுத்த குழியிலேயே கழிவை நிரப்புவது. ஆஸ்திரேலியாவின் ககாடு தேசியப் பூங்கா சூழ அமைந்த ரேஞ்சர் சுரங்கத்தில் இவ்வழி கைக்கொள்ளப்பட்டது. தரைமட்டத்திற்குக் கீழிருப்பதால் அணை உடையும் அச்சமில்லை, அரிப்பும் குறைவு. ஆனால் தாது தீரும் வரை குழி கிடைக்காது. அதுவரை கழிவு அணையில்தான் காத்திருக்க வேண்டும். குழியைச் சூழ்ந்த நிலத்தடி நீரையும் நெடுங்காலம் கண்காணித்தல் வேண்டும்.

இம்மூன்றையும் செலவால் மட்டும் அளந்தால் முதலாவதே வெல்லும். காலத்தால் அளந்தாலோ கணக்கு மாறுகிறது. மூடிய கழிவுமேடு இயன்றவரை 1,000 ஆண்டுகளும், குறைந்தது 200 ஆண்டுகளும் நிலைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ரேஞ்சர் சுரங்கத்திற்கு விதிக்கப்பட்டதோ 10,000 ஆண்டுகள். கழிவிலுள்ள தோரியம்-230 பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். மனிதன் எழுதக் கற்று ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்பதை இங்கு நினைவுகூர்க.

எவ்வழியும் கழிவை இல்லாமற் செய்வதில்லை. ஆற்றங்கரைக்கு ஒன்று, வறண்ட நிலத்திற்கு ஒன்று, மழை மிகுந்த காட்டிற்கு ஒன்று என, இடத்திற்கேற்பவே தேர்வு அமையும். மின்சாரத்தின் பயனைத் துய்ப்பவர் ஓரிரு தலைமுறையினர். காவற் பொறுப்போ அவர்தம் பெயரையும் அறியாதவர்க்குச் சேர்கிறது. ஆதலால், ‘எங்கே வைப்பது?’ என்று கேட்குமுன், ‘எத்துணைக் காலம், யார் காவலில்?’ என்று கேட்க மாணவர்களைப் பழக்குவோம்.