ஒலிப்பதிவில் இரைச்சலை அடக்கும் மின்சுற்று முறைகள்

காந்த நாடாவிற் பதிந்த இசையைக் கேட்போர், ஒரு பாட்டு ஓய்ந்து மற்றொன்று தொடங்குமுன் ‘உஸ்’ என்னும் மெல்லிய சீறலொன்று இடையறாது ஒலித்தலை அறிவர். அச்சீறல் பாட்டின்போதும் உண்டு. உரத்த ஓசையுள் மறைந்து கிடக்கின்றது. பாடகரின் குரல் தணிந்து இழையுமிடத்து அதுவும் உடன் தலைதூக்கும். இசையின் உயிர் பெரும்பாலும் அத்தகைய இடங்களிலேயே தங்கியிருத்தலால், இதனைச் சிறு குறையென ஒதுக்குதல் இயலாது.

இரைச்சல்கள் யாவும் ஓரினத்தன அல்ல. மின்வழங்கலினின்று புகும் 50 சுற்று உறுமலை விலக்குதல் எளிது. ஒலிவாங்கியினின்று வரும் இரு கம்பிகளிலும் சைகை எதிரெதிர்க் குறியோடு செல்ல, புறத்தேயிருந்து ஏறும் உறுமல் இரண்டிலும் ஒரே குறியோடு நிற்கும். முடிவிலுள்ள நிலைமாற்றி இரண்டன் வேறுபாட்டை மாத்திரம் எடுத்தலால் உறுமல் அழிந்துபடும். இவ்வுபாயத்துக்கு அடங்காதது வெப்ப இரைச்சல். பெல் ஆய்வுகூடத்து யோன்சன் இதனை அளந்தும், நைக்குவிஸ்ட் இதன் விதியை நிறுவியும் 1928 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 10,000 ஓம் தடையொன்று எதனோடும் இணைக்கப்படாது மேசைமீது வாளா கிடப்பினும், அறை வெப்பநிலையில், 20,000 சுற்று அகலத்துள், ஏறக்குறைய 1.8 மைக்குரோவோற்று அழுத்தத்தை ஓயாது பிறப்பிக்கும். இதனாலன்றோ பெருக்கியின் முதற்படியில் உயர்ந்த தடைகளைத் தொடராக இடுதற்கு அமைப்போர் அஞ்சுகின்றனர்!

நாடாவின் சீறலோ அதிலுள்ள காந்தத் துகள்களினின்று எழுவது. உயர்ந்த மீடிறன்களை வடிகட்டி கொண்டு வெட்டிவிடின் சீறல் குறையும். ஆனால் வயலினின் மேற்சுரங்களும் சகர ஒலியின் கூர்மையும் உடன் மாயும். களையோடு பயிரையும் பிடுங்கும் செயலே இது. ஆகவே, நாடாவில் ஏறுமுன்னரே மெல்லிய ஒலிகளை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு தாழ்த்தும் முறை தோன்றியது. தாழ்த்துங்கால் இடையிற் சேர்ந்த சீறலும் தாழும். எனினும் பழைய சுற்றுக்களில் சைகை முழுவதும் ஒருங்கே ஏறியிறங்கிற்று. மத்தளத்தின் ஒவ்வோர் அடியோடும் சீறல் மூச்சுவிடுவதுபோல் எழுந்தமர்ந்தது. நோயினும் மருந்து கொடிதாயிற்று.

இக்குறையைத் தீர்த்தவர் றே டொல்பி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். கேம்பிறிட்ஜிற் பயின்று, ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக இந்தியாவிற் பணியாற்றிய பின், 1965 இல் இலண்டனில் ஆய்வுகூடம் நிறுவினார். அவரது ஏ வகைச் சுற்றில் முதன்மைச் சைகை தீண்டப்படாமலே செல்லும். பக்கவழியொன்று மெல்லிய ஒலிகளின் கூறுகளை மாத்திரம் எடுத்துப் பதிவின்போது அதனோடு கூட்டும். கேட்கும்போது அதே பக்கவழி கழிக்கும். உரத்த ஒலி வரின் பக்கவழியின் பங்கு அற்பமாகிவிடும். உரத்த ஒலி தனக்கு அணித்தான மீடிறன்களிலுள்ள இரைச்சலையே நன்கு மறைக்கும். தாழ்ந்த மத்தள ஒலி உயர்ந்த சீறலை மறையாது. இதனை உணர்ந்தே அவர் பக்கவழியை நான்கு பட்டைகளாகப் பிரித்தார்: 80 சுற்றுக்குக் கீழ், 80 முதல் 3,000 வரை, 3,000 க்கு மேல், 9,000 க்கு மேல். கிடைத்த பயன் 10 தெசிபெல். அதாவது இரைச்சலின் வலு பத்திலொன்றாயிற்று. 1966 இல் டெக்கா நிறுவனம் இம்முறையைக் கைக்கொண்டது. பதினாறு தடங்களைத் தனித்தனி பதிந்து ஒன்றாக்குங்கால் இரைச்சல் 12 தெசிபெல் ஏறுமாதலின், பல்தடப் பதிவுக்கு இது இன்றியமையாததாயிற்று. வீடுகளுக்கென 1968 இல் வந்த எளிய பீ வகை உயர்ந்த மீடிறன்களில் மாத்திரம் தொழிற்படுவது.

கூட்டியதும் கழிப்பதும் இம்மியும் பிசகாது ஒத்தல் வேண்டும். அதற்கென நாடாவின் தலைப்பில் அளவு ஒலியொன்று பதியப்படுவதுண்டு. அவ்வொலியைக் கொண்டு மட்டத்தைச் சரிசெய்யாது ஓட்டினால் மென்மையான பகுதிகள் மங்கியோ கூசியோ ஒலிக்கும். பழைய நாடாக்களை எண்முறைப் பதிவுக்கு மாற்றுவோர் இன்றும் முதலில் தேடுவது, பெட்டியின்மீது சுற்றின் வகை எழுதப்பட்டுள்ளதா என்பதையே. அக்குறிப்பும் அளவு ஒலியும் இல்லாதவிடத்து, பல மட்டங்களில் ஓட்டிப்பார்த்துச் செவியாலேயே தெரிதல் வேண்டும்.