வீட்டார் சொல்லும் பதில்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் பற்றிய ஆய்வில் ஒரு முதியவர் சேர்ந்தால், அவரை நெருக்கமாக அறிந்த ஒருவரும் கூடவே சேர வேண்டியிருக்கும். நினைவு மங்கத் தொடங்கியவருக்குத் தம் மறதியே பல சமயம் தெரிவதில்லை. நேற்று வரை எப்படி இருந்தார், இன்று எதில் தடுமாறுகிறார் என்று சொல்லக்கூடியவர் மகளோ மருமகளோ மனைவியோதான்.

அந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைக் காட்டிய ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. உலக டிமென்ஷியா நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற குறையிலிருந்து பிறந்தது '10/66' ஆய்வுக் குழு. 1998இல் கொச்சியில் கூடிய மாநாட்டில் அது உருவானது. பிறகு ஏழு நாடுகளில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். சென்னைப் பணியில் தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை பங்கேற்றது.

2008இல் வெளியான முடிவு வியப்பானது. வழக்கமான மருத்துவ வரையறைப்படி பார்த்தால், இந்தியக் கிராமத்து முதியவர்களில் ஆயிரத்துக்கு மூவருக்குத்தான் நோய். அக்குழு வகுத்த புதிய முறையில் கணக்கிட்டபோதோ, எந்த நாட்டிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறையவில்லை. வசதி குறைந்த இடங்களில் வீட்டார் குறையைக் குறையாகச் சொல்வது குறைவு என்பது ஆய்வாளர்கள் கண்ட ஒரு காரணம். “அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்ற பதிலைச் சென்னை சைதாப்பேட்டையின் எந்தத் தெருவிலும் கேட்கலாம். சமையலை மருமகள் பார்க்கிறாள், பென்ஷன் பணத்தை மகன் வாங்கி வருகிறான். அம்மா தானாக எதையும் செய்ய வேண்டிய தேவையே எழாதபோது, அவரால் இனி முடியாது என்பதும் வெளியே தெரிவதில்லை. மரியாதையும் பாசமும் சேர்ந்தே நோயை மறைத்துவிடுகின்றன.

ஆகவே வீட்டாரிடம் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமாக இருக்கும். பொருளை வைத்த இடத்தை மறக்கிறாரா? பழகியவர் பெயர் வருகிறதா? பஜார் ரோட்டுக்குப் போனால் தனியாகத் திரும்பி வருகிறாரா? புடவையைச் சரியாக உடுத்துகிறாரா? முதியவரிடம் சில சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறது என்று எண்ணுவார்கள். அவர் திணறும்போது பக்கத்தில் இருப்பவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெற்றவள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பது பிள்ளைகளுக்கு எளிதல்ல. ஆனால் எடுத்துக்கொடுத்த ஒரு சொல்லும் கணக்கைப் பிழையாக்கும்.

சம்மதம் இல்லாமல் எந்த ஆய்வும் நடக்கக் கூடாது. விவரம் புரியாத நிலையில் முதியவர் இருந்தால், சட்டப்படி அவர் சார்பில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர் சம்மதிக்கலாம். அப்போதும் முதியவர் முகம் சுளித்தால், வேண்டாம் என்றால், அதை மதிக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சை நிற்காது. மருந்துச் சோதனை என்றால் இன்னும் கவனம் தேவை. அது மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன.

பராமரிப்பவரையே மையமாக வைத்த ஆய்வுகளும் உண்டு. கோவாவில் 81 குடும்பங்களுடன் நடந்த ஒன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று ஆலோசனை சொன்னார்கள். நோய் குணமாகவில்லை, ஆனால் கவனித்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. இரவும் பகலும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது சிறிய உதவி அல்ல.

கணக்கெடுப்பு ஆய்வில் சேர்வது சிகிச்சைக்கு ஈடாகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு போன்றவற்றால் வரும் மறதிக்கு மருந்து இருப்பதால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை, சைதாப்பேட்டைக்காரர்களுக்கு அடுத்த ரயில் நிலையத்துத் தொலைவுதான்.