கூப்பே காரின் விலை: இரண்டு லட்சம் எப்படி ஐந்தரை லட்சம் ஆகிறது?

வெளிநாட்டில் ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் கூப்பே கார் அறிமுகம் கண்டால், சாலாக் செலாத்தானில் நான் நடத்தும் பிரத்தியேக வகுப்பில் அன்று கணிதப் பாடம் பத்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கும். எல்லாரும் படிவம் 4, 5 மாணவர்கள். அமெரிக்க விலையைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். நாணய மாற்று விகிதத்தால் பெருக்குவார்கள். "சார், ரெண்டு லட்சம்தான் சார். வேலைக்குப் போனா வாங்கிடலாம்" என்பார்கள். சில மாதங்கள் கழித்து அதே கார் மலேசியாவுக்கு வரும். விலையைப் பார்த்ததும், "ஏமாத்துறாங்க சார்" என்ற பேச்சு கிளம்பும்.

அந்த விலை எப்படி வருகிறது என்பதைச் சதவிகிதக் கணக்கு தெரிந்த எந்த மாணவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். காரின் வேகத்தைப் பற்றி நிறுவனம் சொல்லும் எண்களையும் படிவம் 4 இயற்பியலை வைத்தே சோதிக்கலாம். இந்த இரண்டையும் சொல்லித்தர நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது டோயோட்டா ஜிஆர் சூப்ரா. 2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தின் ஆரஞ்சு நிறக் காரால், அது வந்தபோது பிறந்தே இராத என் மாணவர்களுக்கும் இந்தப் பெயர் மனப்பாடம்.

பழைய சூப்ராவின் தயாரிப்பு 2002இல் நின்றது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் புதிய சூப்ரா மேடை ஏறியது. டோயோட்டா பெயர் தாங்கியிருந்தாலும் அதன் எஞ்சின் பிஎம்டபிள்யூ உடையது; கார் தயாரானது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், பிஎம்டபிள்யூ இசட்4 தயாராகும் அதே தொழிற்சாலையில். அமெரிக்காவில் தொடக்க விலை 49,990 டாலர். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. பெருக்கினால் 2 லட்சத்து 10 ஆயிரம் வெள்ளி. அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியாவில் அறிமுகமானபோது அதன் விலை ஏறக்குறைய 5 லட்சத்து 68 ஆயிரம் வெள்ளி. இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இடையில் நடந்தது என்ன? வரி. ஆனால் வரி என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் கணக்கு புரியாது. முழுமையாகத் தயாரிக்கப்பட்டு இறக்குமதியாகும் காருக்கு இங்கே மூன்று வரிகள். சலுகை ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி வரி 30 விழுக்காடு. அடுத்தது கலால் வரி. இது எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறும். 2,500 சிசியைத் தாண்டிய கார்களுக்கு 105 விழுக்காடு. கடைசியாக விற்பனை வரி 10 விழுக்காடு.

இங்கேதான் என் மாணவர்களில் பாதிப் பேர் சறுக்குவார்கள். 30, 105, 10 மூன்றையும் கூட்டி 145 என்று எழுதுவார்கள். 100 வெள்ளிப் பொருள் 245 வெள்ளி ஆகும் என்று விடை வரும். அது தவறு. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி சேர்ந்த தொகையின் மேல் விதிக்கப்படுகிறது. வரிக்கு மேல் வரி. துறைமுகத்தில் 100 வெள்ளியாக இருப்பது இறக்குமதி வரியோடு 130 ஆகிறது. அந்த 130க்குத்தான் 105 விழுக்காடு கலால் வரி. அது 136 வெள்ளி 50 காசு. ஆக 266 வெள்ளி 50 காசு. அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. கடைசியில் 293 வெள்ளி 15 காசு. கூட்டுவதற்கும் அடுக்குவதற்கும் உள்ள வேறுபாடு 100க்கு 48 வெள்ளி. அரை மில்லியன் வெள்ளிக் காரில் அது ஒரு மைவியின் விலையைவிடக் கூடுதல்.

இப்போது அமெரிக்க விலைக்கு வருவோம். அந்த 2 லட்சத்து 10 ஆயிரத்துக்குள் அமெரிக்க விற்பனையாளரின் லாபமும் அடங்கும். அதற்கு இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. அதனால் கப்பல் செலவு உட்பட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போது காரின் மதிப்பு 1 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது நானே போட்டுக்கொண்ட எண், நிறுவனம் சொன்னதல்ல. இறக்குமதி வரி 51,000 சேர்ந்து 2,21,000. கலால் வரி 2,32,050 சேர்ந்து 4,53,050. விற்பனை வரி 45,305 சேர்ந்து 4,98,355. இதற்குமேல் இங்குள்ள விநியோகச் செலவு, உத்தரவாதம், பதிவு, லாபம் எல்லாம் ஏறும்போது ஐந்தரை லட்சத்தைத் தாண்டுவதில் வியப்பேதும் இல்லை. வரி மட்டுமே துறைமுக மதிப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வரி என்று கேட்பவர்களுக்கு, விடை ஷா ஆலாமில் இருக்கிறது. 1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளியானது. உள்நாட்டுக் காரைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கார்களுக்குக் கடும் வரி விதிக்கப்பட்டது. 2004க்கு முன்பு இறக்குமதி வரி 140 விழுக்காட்டில் தொடங்கி 300 வரை போனது. ஆசியான் தடையற்ற வாணிபத்துக்காக அதைக் குறைத்தபோது, கலால் வரி உயர்ந்து அந்த இடத்தை நிரப்பியது. புரோட்டோனும் ஒரு கூப்பே செய்து பார்த்தது என்பது இன்றைய இளையோர் பலருக்குத் தெரியாது. 1996இல் வந்த புத்ரா, இரண்டு கதவு, 1.8 லிட்டர் எஞ்சின். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தையும் புரோட்டோன் வாங்கியது. நன்றாகப் பராமரித்த ஒரு புத்ரா எங்கள் வட்டாரத்தில் எப்போதாவது கடந்துபோனால் நான் இன்னும் நின்று பார்ப்பேன்.

விலையை விடுவோம். அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது?

மலேசியாவுக்கு முதலில் வந்த சூப்ராவில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். திறன் 340 பிஎஸ், முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர். 0விலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 4.3 வினாடி. உச்ச வேகம் 250 கிலோமீட்டரில் மின்னணு முறையில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட எண்களை ஒப்பிடும்போது முதலில் அலகைப் பாருங்கள். அமெரிக்கச் செய்தியில் இதே எஞ்சினுக்கு 335 குதிரைத் திறன் என்றும், வேகத்துக்கு 4.1 வினாடி என்றும் இருக்கும். உடனே, "அமெரிக்கக் காருக்குத் திறன் குறைவு, ஆனால் வேகம் கூடுதல்" என்று ஒரு விவாதம் கிளம்பும். இரண்டும் ஒன்றுதான். 340 பிஎஸ் என்றாலும் 335 குதிரைத் திறன் என்றாலும் 250 கிலோவாட்தான். அவர்களின் 4.1 வினாடி மணிக்கு 60 மைல் வரைக்கும், அதாவது ஏறக்குறைய 96.6 கிலோமீட்டர் வரைக்கும்தான். மிச்சம் மூன்றரை கிலோமீட்டருக்கு 0.2 வினாடி.

அலகு சரியாக இருந்தாலும் எண் உண்மையாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 பிஎஸ்சுக்கு மேல் அறிவிப்பதில்லை என்பது அது. 2004 வரை நீடித்தது. அதனால் பழைய சூப்ரா ஜப்பானியப் பட்டியலில் 280 என்றும் அமெரிக்காவில் 320 என்றும் எழுதப்பட்டது. எண் குறைத்துச் சொல்லப்பட்டதும் உண்டு, கூட்டிச் சொல்லப்பட்டதும் உண்டு. ஆகவே சோதித்துப் பார்ப்பது நல்லது.

4.3 வினாடியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர். 4.3ஆல் வகுத்தால் முடுக்கம், பள்ளியில் நீங்கள் பெச்சுத்தான் என்று படிப்பது, 6.5 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அதாவது ஒரு பொருள் மாடியிலிருந்து விழும் முடுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, முதுகை இருக்கையோடு அழுத்துகிறது. அந்த 4.3 வினாடியில் கார் கடக்கும் தூரம் ஏறக்குறைய 60 மீட்டர். பத்து வரிசை வீடுகளின் அகலம்.

இன்னொரு கணக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். கார் ஏறக்குறைய 1,500 கிலோ, ஓட்டுநரையும் சேர்த்து 1,570 என்று வைப்போம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 606 கிலோஜூல். 4.3ஆல் வகுத்தால் சராசரித் திறன் 141 கிலோவாட். எஞ்சினிடம் இருப்பதோ 250. மீதி எங்கே போனது? புறப்படும் நொடியில் எஞ்சின் முழுத் திறனை எட்டும் சுழற்சியில் இருக்காது. பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே காரைத் தள்ளுவதால், டயரின் பிடிமானம் ஓர் எல்லைக்கு மேல் விடாது. கியர் பெட்டியும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். திறனை மட்டும் கூட்டினால் வினாடி அதே விகிதத்தில் குறையாது என்பதற்குக் காரணம் இதுதான். புதிய கூப்பே ஒன்றுக்கு 50 குதிரை கூடுதல் என்று செய்தி வந்தால், டயரின் அகலத்தையும் எத்தனை சக்கரங்கள் இயங்குகின்றன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் நெடுஞ்சாலைகளில் சட்டப்படியான உச்ச வேகம் 110. அந்த வேகத்தில் 103 பிஎஸ் கொண்ட 1.5 லிட்டர் மைவியும் போகும். காலை ஏழரை மணிக்கு சுங்கை பீசி பக்கம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துதான் போகும். 250ஐத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் சிப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. 1999இலிருந்து 2017 வரை எஃப்1 கார்கள் ஓடிய தடம். பொதுச் சாலையில் 160இல் போகும் கார் முழுதாக நிற்க, பிரேக் பிடித்த பிறகு 110இல் தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தூரம் வேண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது ஏறுகிறது. கார் எத்தனை லட்சமாக இருந்தாலும் இந்த வர்க்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

வாங்கிய பிறகும் கணக்கு ஓயாது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காரின் சாலை வரி சிசியை வைத்துப் படிப்படியாக ஏறும். 1.5 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 2,500 சிசிக்கு மேல், 3,000 வரை, அடிப்படை 880 வெள்ளி. 2,500ஐத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 2 வெள்ளி 50 காசு. சூப்ராவின் எஞ்சின் 2,998 சிசி. ஆக 2,125 வெள்ளி. 3,000ஐத் தாண்டினால் அடிப்படை 2,130, அதன்பின் சிசிக்கு 4 வெள்ளி 50 காசு. 4,969 சிசி எஞ்சின் கொண்ட லெக்சஸ் எல்சி500 கூப்பேக்கு 10,990 வெள்ளி 50 காசு. ஐந்து மடங்கு! சிறிய எஞ்சினில் டர்போ பூட்டி அதே திறனைப் பிழிந்தெடுக்கும் கார்கள் நம் நாட்டில் ஏன் விரும்பப்படுகின்றன என்பதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

"வேலைக்குப் போனா வாங்கிடலாம்" என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு போடுவேன். 5 லட்சத்து 68 ஆயிரத்தில் 10 விழுக்காடு முன்பணம், அதாவது 56,800. கடன் 5,11,200. ஒன்பது ஆண்டுகள், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலை வட்டி என்று எடுத்துக்கொள்வோம். வட்டி 1,38,024, மாதத் தவணை 6,011 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தவணை அதைப்போல் மூன்றரை மடங்கு. அந்த 3 விழுக்காடும் பார்ப்பதற்குத்தான் சிறியது. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடு. இது சூப்ராவுக்கு மட்டும் உரிய கணக்கல்ல. முதல் சம்பளத்தில் மைவிக்குக் கையெழுத்துப் போடும் பிள்ளைக்கும் இதே வாய்பாடுதான். என் வகுப்பில் சூப்ரா கணக்கைப் போட்ட சிலர், அண்ணனின் கார் கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து அதையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அது நல்ல வகுப்பு.

அண்மையில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இந்தக் கணக்குகளையெல்லாம் மாற்றப்போகிறது. "மின்சாரக் கூப்பே வந்தா சிசியே இல்லையே சார், அப்ப என்ன செய்வாங்க?" 2026 முதல் மின்சாரக் கார்களின் சாலை வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்துக் கணக்கிடப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அப்படியானால் திறனைக் கூட்டுவதற்கே வரி. சிசியைக் குறைத்து டர்போ பூட்டும் உத்தி அங்கே செல்லாது. அடுத்த வாரம் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு வரும்படி அவரிடமே சொல்லியிருக்கிறேன்.