போரும் மருத்துவமும்

நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அமைதி நிலவும் ஊரில் இந்நான்கும் ஓரிடத்தில் கூடுதல் எளிது. போர் மூண்ட ஊரிலோ மருந்து வண்டி வழியில் தடுக்கப்படுகிறது, மருத்துவர் புலம்பெயர்கிறார், நோயாளி தெருவைக் கடக்க இயலாது தவிக்கிறார். குண்டடி பட்டோர் மட்டுமல்லர், பேறுகாலத் தாயும், நாள்தோறும் இன்சுலின் வேண்டும் நீரிழிவு நோயாளியும் இதனால் மாள்கின்றனர்.

இதற்குத் தீர்வு காண எழுந்த முயற்சியின் வரலாற்றை நோக்குவோம். 1859 சூன் 24 அன்று வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்ற வீரர் பல்லாயிரவர் அருகிலிருந்த காஸ்திலியோனே நகரில் குவிந்தனர். அங்குச் சென்றிருந்த சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டூனான்ட், ஊர்ப் பெண்களின் துணையோடு, எந்நாட்டு வீரர் என வினவாது அனைவர்க்கும் தொண்டாற்றினார். அதன் பயனாக 1863இல் செஞ்சிலுவை இயக்கமும், 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் தோன்றின. பின்னர்ச் செம்பிறையும் காப்புச் சின்னமாயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முதல் உடன்படிக்கை காயமுற்ற படைவீரரையே காத்தது. வீரர்க்குக் கட்டுப்போட்ட அவ்வூர்ப் பெண்களைப் போன்ற பொதுமக்கள் தாமே காயமுற்றால் அவர்க்குரிய விரிவான பாதுகாப்பு 85 ஆண்டுகள் கழித்தே, 1949இன் நான்காம் உடன்படிக்கையில் கிட்டிற்று. பொதுமக்கள் மருத்துவமனையைத் தாக்கலாகாது. மருத்துவப் பணியாளரைக் காத்தல் வேண்டும். மருந்துப் பொருள்களுக்கு வழிவிடல் வேண்டும் என அது விதித்தது. வள்ளுவர் கூறிய நான்கிற்கும் இட்ட வேலி இஃது எனலாம்.

எனினும் வேலி மீறப்படுகிறது. ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, தரப்புப் பாராது மருத்துவம் செய்த மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தது. அதன் அமைவிடம் போரிடும் தரப்புகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்கப் போர்விமானம் அதனைத் தாக்கியது. நோயாளிகள் 24 பேர், பணியாளர்கள் 14 பேர், உடனிருந்து பேணியோர் 4 பேர் என 42 பேர் மாண்டனர். தவறுதலாக நேர்ந்தது என அமெரிக்கா பின்னர் அறிவித்தது. 2016 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை, மருத்துவமனைகளைக் காக்குமாறு 2286ஆம் தீர்மானத்தை இயற்றியது.

எனவே, குறை சட்டத்தில் இல்லை, கடைப்பிடிப்பதில்தான் உள்ளது. எங்கோ ஒரு மருத்துவமனை தாக்கப்பட்டது என்னும் செய்தியைப் படிக்கையில், அஃது எத்தரப்பினர்க்குரியது என வினவுமுன், அங்கே அழிந்த அந்நான்கையும் நாம் நினைத்தல் வேண்டும். அறநூல் பயில்வோர்க்கு அதுவே அழகு.