கோடையிலும் வாடாத வீட்டுக் காய்கறித் தோட்டம்

ஆடி மழை பெய்தவுடன் கொல்லையைக் கொத்திக் கத்தரி, வெண்டை, கீரை என்று விதைத்துவிடுவோர் பலர். தையில் தோட்டம் செழித்து நிற்கும். பங்குனியில் கிணற்று நீர் கீழே போகும்; சித்திரையில் பாத்திகள் காய்ந்து கிடக்கும். வீட்டுத் தோட்டம் நமக்கு ஒத்து வராது என்று அத்துடன் விட்டுவிடுவார்கள். இதில் குற்றம் மண்ணிலோ விதையிலோ இல்லை. மழைக்காலத்து நீரைப் பார்த்துத் தோட்டத்தின் பரப்பை முடிவு செய்ததே காரணம். நானும் முதல் ஆண்டு எங்கள் கொல்லையில் ஒரு சென்ட் பரப்பில் பாத்தி போட்டுக் கோடையில் பெரும்பகுதியை இழந்தவன்தான்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவரும் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் 'பெர்மாகல்ச்சர்' என்னும் முறையை விளக்கினார்கள். இதனை நிலைத்த வேளாண்மை எனலாம். இடத்தில் கிடைக்கும் நீர், வெயில், கழிவு ஆகியவற்றை முதலில் கவனித்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும்படி அமைப்பது இதன் அடிப்படை. கிணற்றடியில் வாழையும் சேம்பும் வைத்த நம் பாட்டிமார்களுக்கு இது புதிதன்று.

நீரை அளத்தல்

கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். அது முழுவதும் பாத்தியானால் 200 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தால் 13 குடத்துக்கு மேல் ஊற்ற வேண்டும். ஆகவே, பங்குனி, சித்திரை மாதங்களில் தோட்டத்துக்கென்று நாள்தோறும் எத்தனை குடம் நீர் ஒதுக்க இயலும் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கவும். காய்கறி கழுவிய நீரையும் இதில் சேர்க்கலாம். மாடு உள்ள வீட்டில் அரிசி கழுநீர் மாட்டுக்குப் போய்விடும்; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான்கு குடம் கிடைத்தால் 60 லிட்டர். அது 12 சதுர மீட்டருக்குப் போதும். 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் நான்கு பாத்திகள் போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இடமும் பாத்தியும்

அடுப்படிக் கதவிலிருந்து நாலைந்து எட்டில் பாத்திகள் அமைவது நன்று. நாள்தோறும் கண்ணில் படும் செடியில்தான் புழுவும் வாட்டமும் உடனே தெரியும். குறைந்தது 6 மணி நேரம் வெயில் பட வேண்டும். பாத்தி 3 அடி அகலம் இருந்தால் இருபுறமும் நின்றே வேலை செய்யலாம். மண்ணை மிதித்து இறுக்க வேண்டியதில்லை. நீர் தேங்கும் களிமண்ணில் மேட்டுப் பாத்தியும், நீர் விரைவில் வடியும் செம்மண்ணில் வரப்பு கட்டிய தாழ்ந்த பாத்தியும் ஏற்றவை.

மக்கிய தொழு உரம் இட்டு நட்டபின், இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குச் சருகு அல்லது வைக்கோலால் மூடாக்கு இடவும். தண்டை ஒட்டி இடக்கூடாது. மூடாக்கு வெயிலில் ஈரம் ஆவியாவதைக் குறைக்கும், களையையும் அடக்கும். கரையான் உள்ள இடங்களில் காய்ந்த சருகுக்குப் பதிலாகக் கிளைரிசிடியா போன்ற பசுந்தழைகளை மெல்லியதாகப் பரப்பலாம்.

பயிர்த் திட்டம்

முதல் பாத்தியில் கத்தரி, மிளகாய்; இரண்டாவதில் வெண்டையும் ஓரத்தில் முள்ளங்கியும்; மூன்றாவதில் கொத்தவரை, தட்டைப்பயறு; நான்காவதில் கீரை. சிறுகீரையைப் பதினைந்து நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். அரைக்கீரை, கிள்ளக் கிள்ளத் தழையும். அடுத்த பட்டத்தில் பயிர்களைப் பாத்தி மாற்றி நடவும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஒரே குடும்பப் பயிர்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாத்தியில் நட்டால் மண்ணிலுள்ள நூற்புழுவும் நோய்களும் பெருகும். பயறு வகைக்குப் பின் கத்தரி நடுவது சிறந்தது.

மேற்கு ஓரத்தில் அகத்தி, முருங்கை நட்டால் பிற்பகல் வெயிலின் கடுமை தணியும். பெரியகுளம் 1 முருங்கையை விதை ஊன்றியே வளர்க்கலாம்.

கழிவு உரமாதல்

5 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் இரு குழிகள் எடுத்து, சமையல் கழிவு, சருகு, சாணக் கரைசல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இடவும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம். குளியல் நீரை மணல், சரளை நிரப்பிய குழி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் விடவும். சோப்பு நீரைக் கீரைப் பாத்தியில் விடுதல் கூடாது. நீர் எங்கும் தேங்கினால் கொசு பெருகும்.

பூச்சி தென்பட்டால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டியது

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி தேவை. நால்வருக்கு 1.6 கிலோ. நான்கு பாத்திகள் அவ்வளவையும் தந்துவிடா. ஆனால், கீரையும் பச்சை மிளகாயும் வாங்கும் செலவு குறையும். மருந்து தெளிக்காத காய் குழந்தைகளின் தட்டில் விழும்.

கோடையில் நீர் மேலும் குறைந்தால் நான்கு பாத்திகளையும் அரைகுறையாக நனைக்க வேண்டாம். கீரைக்கும் கொத்தவரைக்கும் இரண்டு பாத்திகளை மட்டும் காப்பாற்றி, மற்றவற்றைச் சருகால் மூடி ஓய்வு கொடுங்கள். இரண்டு பாத்தி பசுமையாக இருந்தாலும், அடுத்த ஆடியில் தோட்டத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, தொடர்ந்தால் போதும்.