கேப்டன் போனால் குழு என்னாகும்?

கெடாவில் காற்பந்துப் பருவம் முடிந்த பிறகுதான் பெரிய வாக்குவாதமே தொடங்கும். சுங்கைப் பட்டாணியின் ஒட்டுக்கடைகளிலும், கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் அது ஒரே கேள்வியைச் சுற்றி வரும். அடுத்த ஆண்டு நடுக்களத்தை யார் பார்த்துக்கொள்வது? பந்தை எப்போது நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது, தாக்குபவருக்கு எந்த நொடியில் கொடுப்பது என்று முடிவெடுக்கும் ஒருவரை நம்பியே குழுவின் ஆட்டம் அமைகிறது. அவர் இருப்பாரா போவாரா என்பது கோல் கணக்கைவிட அதிகமாக ரசிகர்களைச் சூடாக்குகிறது.

தென் கெடாவின் தமிழர்களுக்கு இந்த ஆர்வம் தோட்டத்திலிருந்தே வந்தது. ரப்பர் மரம் சீவும் வேலை விடியுமுன் தொடங்கி நண்பகலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மாலை நேரம் திடலுக்கு உரியது. லயன் வீடுகளுக்கும் கோயிலுக்கும் அருகே ஒரு காலி இடம் கிடைத்தால் போதும், அங்கே ஒரு குழு உருவாகிவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தபோது மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். திடல்கள் பல மறைந்தன, ஆனால் பந்தைப் பற்றிய பேச்சு கூடவே வந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டா லிவர்பூலா என்று சண்டை பிடிக்கும் அதே மேசையில் கெடாவின் பச்சை மஞ்சள் சட்டைக்கும் தனி இடம் உண்டு. கூலிம்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அலோர் ஸ்டாரின் டாருல் அமான் அரங்கம் மாநிலத்தின் வடக்கே இருக்கிறது. பக்கத்தில் இருப்பதோ எதிரிக் குழுவான பினாங்கு.

மாநிலக் குழு என்பது மலேசியாவில் வெறும் விளையாட்டுக் கழகம் அல்ல. 1921-இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கிய போட்டியே இன்றைய மலேசியக் கிண்ணம். அது மாநிலங்களுக்கு இடையிலான மோதலாகவே வளர்ந்தது. ஆகவே கெடாவுக்கு ஆடுபவர் கெடாவின் பிள்ளை என்ற எண்ணம் ரசிகர்கள் மனத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. 1989-இல் பகுதி நேரத் தொழில்முறை லீக் வந்து, சம்பளமும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் நுழைந்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. இங்கே நடக்கும் எல்லாச் சண்டைகளுக்கும் இந்த முரண்தான் வேர்.

வெளியிலிருந்து வந்தவர்களையும் கெடா மனமார ஏற்றுக்கொண்டது. பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லாவின் காலத்தில், 2006-07, 2007-08 ஆகிய இரண்டு பருவங்களிலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா வென்றது. அந்தக் குழுவில் அர்ஜென்டினாவின் நெல்சன் சான் மார்ட்டின், செயின்ட் வின்சென்ட் நாட்டின் மார்லன் ஜேம்ஸ், கொர்னேலியஸ் ஹகின்ஸ் ஆகியோர் இருந்தார்கள். 2009-இல் மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. அது 2012-இல்தான் நீங்கியது. இரண்டாம் நிலை லீக்கிற்குச் சரிந்திருந்த கெடா, 2015-இல் அதன் சாம்பியனாகி மேலே வந்து, அடுத்த ஆண்டே சிலாங்கூரைப் பெனால்டி உதையில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. கொசோவோவில் பிறந்த லிரிடோன் கிராஸ்னிச்சி அந்தக் காலத்தில் நடுக்களத்தின் சூத்திரதாரி. பின்னர் அவர் ஜோகூருக்குப் போனார். 2020-இல் மலேசியக் குடியுரிமையும் பெற்றார்.

உள்ளூர்ப் பிள்ளைகள் என்று வந்தால் பேச்சு பட்ரோல் பக்தியாரிடம் வந்து நிற்கும். 2011 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுக்கு எதிராக முடிவை உறுதி செய்த பெனால்டியை உதைத்த கேப்டன் அவர். கெடாவுக்காக ஒன்றரைப் பத்தாண்டு ஆடியவர், 2020 பருவம் முடிந்ததும் சபா குழுவுக்குச் சென்றார். அவர் இல்லாத நடுக்களத்தை நினைத்துப் பார்க்கவே பலரால் முடியவில்லை. ஆனால் 2020-இல் போலவே 2021-இலும் கெடா லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. ஒரு மனிதரைச் சுற்றியே குழு நிற்கிறது என்போருக்கு இது பதில் சொல்லும் சான்று. என்றாலும் ஒரு பருவத்துப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. அந்த இடத்தை நிரப்பக் கூடுதல் செலவும் வேறு வகை ஆட்டமும் தேவைப்பட்டன.

2018 முடிவில் இளம் தாக்குதல் ஆட்டக்காரர் அக்யார் ரஷித் கெடாவிலிருந்து ஜோகூர் டாருல் தக்சிமுக்கு மாறியபோது ஒப்பந்தம் பற்றிய தகராறே எழுந்தது. ஜோகூர் குழு 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக்கை வென்றது. அவ்வளவு வசதியுள்ள ஒரு கழகம் அதே லீக்கில் இருக்கும்போது, மற்ற மாநிலங்கள் வளர்த்தெடுக்கும் பிள்ளைகள் அங்கே போவது வியப்பில்லை. வளர்த்தவர்களின் மனம் நோவதும் வியப்பில்லை.

ஆட்டக்காரர் குழு மாறுவது பற்றிய இந்தச் சண்டை அமெரிக்கக் காற்பந்தில் வேறு உருவில் நடக்கிறது. அங்கே குவாட்டர்பேக் எனப்படுபவர்தான் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறார். குழுக்கள் ஆட்டக்காரரை ஆட்டக்காரருக்கோ, வருங்காலத்தில் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கோ பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. பெரும்பாலும் ஆட்டக்காரரிடம் சம்மதம் கேட்பதில்லை. 1994 முதல் குழுக்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. ஃபிஃபாவின் விதிகளில் நிலைமை வேறு. ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் வாங்கும் கழகம் மாற்றுத்தொகை தரவேண்டும், ஆட்டக்காரரும் இசைய வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் அவர் பிற கழகங்களுடன் பேசலாம். காலம் முடிந்ததும் எந்தத் தொகையுமின்றிப் போகலாம். 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்பு அந்தச் சுதந்திரத்துக்கு வழி திறந்தது.

துரோகி என்ற சொல்லை எறிவதற்கு முன் ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஃபிஃபா விதி இன்னொன்று உண்டு. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் கழகத்துக்குத் தெரிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ளலாம். மலேசியாவில் சம்பள பாக்கி பழைய நோய். மாநிலச் சங்கங்கள் நிறுவனமாக மாறவேண்டும் என்ற கொள்கையின்படி, 2021-இல் கெடா டாருல் அமான் எஃப்.சி. உருவானது. பின்வந்த ஆண்டுகளில் அந்தக் கழகமும் சம்பள நிலுவையில் சிக்கியது. மாதக் கடன், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் ஆட்டக்காரருக்கும் உண்டு. தோட்டத்தில் சம்பளம் வராத மாதத்தை அனுபவித்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் கொடுக்காத கழகத்தை விட்டு வெளியேறுபவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

செலவைக் குறைத்து நடத்தும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் கொண்டே சூப்பர் லீக்கில் ஆடியது. தமிழ் இளைஞர்கள் பலருக்கு அது மேடையாகவும் இருந்தது. ஆனால் 2022 பருவத்தோடு அந்தக் கழகம் விலகிவிட்டது.

2025-இல் கெடாவின் உரிம விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2025-26 சூப்பர் லீக் கெடா இல்லாமலே நடந்தது. ஆட்டக்காரர்கள் பிற மாநிலங்களுக்குச் சிதறினார்கள். யாரை வாங்குவது, யாரை விடுவது என்று இதுவரை நடந்த விவாதத்தின் இடத்தில் இப்போது முன்னே வந்து நிற்கும் கேள்விகள் வேறு: நிலுவையை யார் தீர்ப்பது, கீழ் லீக்கில் எந்தப் பிள்ளைகளை ஏற்றி மறுபடி தொடங்குவது, அடுத்த பயிற்சித் தேர்வில் கூலிம், பீடோங் தோட்டப்புறத்துப் பையன்களுக்கும் இடம் கிடைக்குமா?