தலைகீழாய்த் தொங்கும் துரோகி

டாரோ சீட்டுக்கட்டின் 12ஆம் சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். குறி சொல்பவர்கள் இதற்குத் தியாகம், பொறுமை என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியர் இதில் ஞானியைக் கண்டிருக்க வாய்ப்பில்லை, துரோகியைத்தான் கண்டிருப்பார்கள். காட்டிக்கொடுத்தவர்களையும் கடனைக் கட்டாமல் ஓடியவர்களையும் இதே கோலத்தில் பொதுச்சுவர்களில் வரைந்து மானத்தை வாங்குவது அங்கே அரசே விதித்த தண்டனை. 1440இல் ஃப்ளாரன்ஸில் அப்படி வரைந்த ஓவியர் ஆண்ட்ரேயா டெல் காஸ்டாக்னோவுக்கு 'தூக்கிலிடப்பட்டவர்களின் ஆண்ட்ரேயா' என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. ஒரு பழைய சீட்டுக்கட்டில் தொங்குபவன் கைகளில் பணப்பைகள் வேறு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கூலியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் இன்றைய விளக்கம் வெறும் கற்பனையா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1909இல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் யோசனைப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டில் தலையைச் சுற்றி ஒளிவட்டம், மரத்தில் இலைகள், முகத்தில் வலியே இல்லை. தியாகம் என்ற பொருளை அந்த ஓவியமே சுமக்கிறது. அதை ஆதி எகிப்தின் ரகசியம் என்று விற்பதில்தான் கோளாறு. அந்தக் கதையை 1781இல் பாரிஸில் பரப்பியவர் கூர் த ஜெபலான். எகிப்தின் சித்திர எழுத்துகளை அப்போது எவருமே படித்தறிந்திருக்கவில்லை. இந்தச் சீட்டையும் அவர் விடவில்லை. இது ஒற்றைக் காலில் நிற்கும் 'விவேகம்', அச்சிட்டவர்தான் தலைகீழாக்கிவிட்டார் என்று ஆளையே நிமிர்த்திவிட்டார்.